சுருக்கிய மருத்துவ மொழி மாதிரியைச் சொந்தக் கணினியில் இயக்குவது எப்படி?

மருத்துவக் குறிப்புகளை இணையச் சேவை எதற்கும் அனுப்பாமல், நம் கணினிக்குள்ளேயே வைத்து அலச வேண்டுமா? மருத்துவ உரைகளுக்கான மொழி மாதிரியான பயோமிஸ்ட்ரல் 7பி நல்ல தொடக்கம். மிஸ்ட்ரல் 7பி இன்ஸ்ட்ரக்ட் மாதிரிக்கு, மருத்துவக் கட்டுரைக் களஞ்சியமான பப்மெட் சென்ட்ரலில் திறந்த உரிமத்தில் கிடைக்கும் ஆய்வுக் கட்டுரைகளைக் கொண்டு மேற்பயிற்சி கொடுத்து உருவாக்கி, 2024 பிப்ரவரியில் வெளியிட்டார்கள். உரிமம் அப்பாச்சி 2.0. 16 ஜிபி ரேம் இருந்தால் தாராளமாக ஓடும். 8 ஜிபிதான் என்றால் 2025 மே மாதம் வந்த கூகுளின் மருத்துவ மாதிரி மெட்ஜெம்மா 4பி பொருத்தம். 4 பிட்டுக்குச் சுருக்கிய கோப்பு சுமார் 2.5 ஜிபிதான். ஆனால் அதை இறக்கும் முன் கூகுளின் பயன்பாட்டு விதிகளை ஏற்க வேண்டும்.

எந்த அளவுக்குச் சுருக்கியதை எடுப்பது?

பயோமிஸ்ட்ரலில் ஏறத்தாழ 724 கோடி எடைகள், அதாவது மாதிரி கற்றதைத் தாங்கும் எண்கள். ஒவ்வொன்றையும் 16 பிட்டில் அப்படியே வைத்தால் 14.5 ஜிபி. சுருக்கிய கோப்புகள் ஜிஜியுஎஃப் வடிவில், மாதிரிகளைப் பகிரும் ஹக்கிங் ஃபேஸ் தளத்தில் இருக்கின்றன. பெயரில் உள்ள எண், ஓர் எடைக்கு ஏறத்தாழ எத்தனை பிட் என்பதைச் சொல்லும்: க்யூ8 சுமார் 7.7 ஜிபி, க்யூ5_கே_எம் 5.1 ஜிபி, க்யூ4_கே_எம் 4.4 ஜிபி. இடம் இருந்தால் க்யூ5, நெருக்கடி என்றால் க்யூ4. 3 பிட், 2 பிட் கோப்புகளை மருத்துவ வேலைக்குத் தொடாதீர்கள். சுருக்கச் சுருக்க நடை உடனே குலைவதில்லை. வாக்கியம் சரளமாக இருக்கும்போதே மருந்தின் பெயரும் அளவும் பிறழ்ந்துவிடலாம். படிப்பவர் கண்ணுக்குத் தப்பிவிடுகிற பிழை இதுதான்.

நிறுவுதல்

கட்டளை வரி பழக்கமில்லாதவர்களுக்கு எல்எம் ஸ்டூடியோ என்ற மென்பொருள் எளிது. உள்ளே மாதிரியை இயக்குவது லாமா.சிபிபி என்ற நிரல். இன்டெல், ஏஎம்டி கணினிகளில் செயலிக்கு ஏவிஎக்ஸ்2 என்ற கணக்கீட்டு வசதி இருக்க வேண்டும். மென்பொருளை நிறுவி, தேடல் பக்கத்தில் பயோமிஸ்ட்ரல் என்று ஆங்கிலத்தில் தட்டி, வேண்டிய கோப்பை இறக்குங்கள். இறங்கி முடிந்ததும் இணையத்தைத் துண்டித்துவிட்டு ஒரு கேள்வி கேட்டுப் பாருங்கள். பதில் வந்தால், இயங்குவது உங்கள் கணினியில்தான் என்பது உறுதி. கோப்பைத் திறக்கவே முடியவில்லை என்றால் பெரும்பாலும் பாதியில் நின்ற பதிவிறக்கம். ஹக்கிங் ஃபேஸ் காட்டும் ஷா-256 என்ற சரிபார்ப்பு எண்ணோடு ஒப்பிட்டால் தெரிந்துவிடும்.

அமைப்புகள்

மாதிரியை ஏற்றும்போது சூழல் நீளத்தை (மாதிரி ஒரே நேரத்தில் கவனத்தில் கொள்ளும் உரையின் அளவு) 2048 டோக்கன் (சொல் அல்லது சொல்லின் துண்டு) என்று வையுங்கள். பயோமிஸ்ட்ரலின் மேற்பயிற்சி நடந்தது அந்த நீளத்தில்தான். அதற்கு ஆகும் கூடுதல் நினைவகம் டோக்கனுக்கு 128 கிலோபைட், அதாவது மொத்தம் 256 எம்பி. ஆய்வுக் கட்டுரையின் சுருக்கவுரை ஒன்று இதில் நன்றாக அடங்கும். முழுக் கட்டுரை அடங்காது. சூழல் நிரம்பினால் என்ன செய்வது என்று கேட்கும் இடத்தில் ‘நிறுத்து’ என்பதைத் தேர்ந்தெடுங்கள். மற்ற இரண்டு வழிகளும் உரையின் நடுப்பகுதியையோ பழைய பகுதியையோ வெட்டிவிட்டு, எதுவும் நடக்காததுபோல் பதில் தரும். வெட்டுப்பட்ட பகுதியில் ஒவ்வாமைக் குறிப்பு இருந்திருந்தால்?

டெம்பரேச்சரை (சொல் தேர்வில் எவ்வளவு தற்செயல் என்பதற்கான எண்) 0.1க்கு இறக்குங்கள். அடுத்து, பலரும் கவனிக்காமல் விடும் ஒன்று: திரும்பவருதலுக்கான தண்டனை எண் (ஆங்கிலத்தில் ரிப்பீட் பெனால்ட்டி). பல மென்பொருள்களில் இது 1.1 என்று இருக்கும். சற்று முன் வந்த டோக்கன் மீண்டும் வருவதை இது தடுக்கப் பார்க்கும். கதை எழுதும்போது அது நல்லதுதான். ஆனால் நோயாளிக் குறிப்பிலிருந்து மருந்தளவைப் பட்டியலிடும்போது அதே இலக்கமும் அதே மருந்துப் பெயரும் திரும்ப வந்தே ஆக வேண்டும். மிஸ்ட்ரல் ஒவ்வோர் இலக்கத்தையும் தனித் தனி டோக்கனாகப் பிரிப்பதால் 500 என்பதில் உள்ள இரண்டாவது சுழியத்துக்கே தண்டனை விழும். தகவல் பிரித்தெடுக்கும் வேலைக்கு இதை 1.0 ஆக்கிவிடுங்கள்.

கிராஃபிக்ஸ் கார்டு இருந்தால் மாதிரியின் 32 அடுக்குகளில் சிலவற்றை அதற்கு மாற்றலாம். க்யூ4இல் ஓர் அடுக்கு சுமார் 0.13 ஜிபி. 4 ஜிபி கார்டில் 20 அடுக்கில் தொடங்கி, ஒவ்வொன்றாகக் கூட்டிப் பாருங்கள். கார்டு இல்லாவிட்டால் வேகத்தைத் தீர்மானிப்பது பெரும்பாலும் ரேம்தான். ஒவ்வொரு டோக்கனுக்கும் 4.4 ஜிபியையும் முழுதாகப் படித்தாக வேண்டும். டிடிஆர்4-3200 ரேம் இரண்டு சேனலில் நொடிக்கு 51.2 ஜிபி தரும். ஆகவே உச்ச வரம்பே நொடிக்கு 11, 12 டோக்கன்கள், நடைமுறையில் இன்னும் குறைவு. ஒற்றை ரேம் பலகை மட்டும் இருந்தால் அதிலும் பாதி. த்ரெட் (ஒரே நேரத்தில் நடக்கும் வேலை இழை) எண்ணிக்கையைச் செயலியின் உண்மையான கோர்களுக்கு மேல் ஏற்றுவதால் பெரும்பாலும் பயனில்லை. சில நொடிகளுக்கு ஒரு சொல் என்று நகர்ந்து, டிஸ்க் இடைவிடாமல் ஓடினால் ரேம் போதவில்லை என்று பொருள். உலாவியை மூடுங்கள் அல்லது சிறிய கோப்புக்கு மாறுங்கள்.

பதில் முடிந்த பிறகும் தானே அடுத்த கேள்வியை எழுதிக்கொண்டு போகிறதா? உரையாடல் வார்ப்புரு (கேள்வியையும் பதிலையும் மாதிரிக்குப் பிரித்துக் காட்டும் வடிவம்) தவறு. மாதிரியின் அமைப்பில் மிஸ்ட்ரல் இன்ஸ்ட்ரக்ட் வார்ப்புருவைத் தேர்ந்தெடுத்தால் பெரும்பாலும் சரியாகிவிடும். மேற்பயிற்சி கட்டுரைகளைக் கொண்டுதான் நடந்தது, உரையாடலைக் கொண்டு அல்ல. அதனால் வெறும் கட்டளையைவிட, கேள்வியும் விடையுமாக இரண்டு எடுத்துக்காட்டுகளைக் காட்டிவிட்டு மூன்றாவதைக் கேட்பது நல்ல பலன் தரும். கேள்வியை ஆங்கிலத்திலேயே கேளுங்கள். இதன் 32,000 டோக்கன் அகராதி தமிழை எழுத்து எழுத்தாகவோ பைட்டுகளாகவோ உடைத்துவிடும். சின்னப் பத்தி ஒன்றே சூழலில் பெரும் பகுதியை விழுங்கிவிடும்.

சோதித்துப் பார்க்காமல் பயன்படுத்தாதீர்கள்

விடை உறுதியாகத் தெரிந்த இருபது கேள்விகளை எழுதி வையுங்கள். பாராசிட்டமால் நச்சுக்கு முறிமருந்து அசிட்டைல்சிஸ்டீன், ஹெப்பாரினுக்கு புரோட்டமைன், சிறுநீரகம் வடிகட்டும் திறனைக் காட்டும் இஜிஎஃப்ஆர் 30க்குக் கீழே போனால் மெட்ஃபார்மின் கூடாது. ஹைட்ராக்சிசின், ஹைட்ரலசின் போலக் குழப்பும் பெயர்களையும், மில்லிகிராம், மைக்ரோகிராம் இரண்டும் கலந்த குறிப்புகளையும் சேருங்கள். டெம்பரேச்சரைச் சுழியமாக்கி, க்யூ8இலும் க்யூ4இலும் அதே கேள்விகளைக் கேளுங்கள். இரண்டிலும் தவறினால் மாதிரிக்கே தெரியவில்லை. க்யூ4இல் மட்டும் தவறினால் சுருக்கம் காரணமாக இருக்கலாம், க்யூ5ஐச் சோதியுங்கள்.

நீங்கள் ஒட்டிய உரையிலிருந்து தகவல் பிரிப்பது, குறுக்கங்களை விரிப்பது, சுருக்கவுரைகளை வகைப்படுத்துவது போன்ற வேலைகளை இதனிடம் கொடுக்கலாம். விடையை மூல உரையோடு ஒப்பிட்டுவிட முடியும். நினைவிலிருந்து மருந்தளவு சொல்லச் சொல்லாதீர்கள். பயோமிஸ்ட்ரலை உருவாக்கியவர்களே இதைத் தொழில்முறை மருத்துவப் பயன்பாட்டுக்குக் கொண்டுபோக வேண்டாம் என்று கேட்டுக்கொண்டிருக்கிறார்கள்.