தாத்தாவின் வேட்டைத் துப்பாக்கி: காப்பதும் அதன் வரலாற்றைத் திரட்டுவதும்

ஜவ்வாது மலை அடிவாரத்திலும் ஆம்பூர், குடியாத்தம் பக்கத்துக் காட்டோர ஊர்களிலும் தாத்தா காலத்து வேட்டைத் துப்பாக்கி இருக்கிறது என்று யாராவது சொன்னால், முதலில் அதன் லைசென்ஸ் புத்தகத்தை எடுத்து வரச் சொல்வது என் வழக்கம். துப்பாக்கியைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம். புத்தகம் இருந்தால் பாதி வரலாறு அதிலேயே கிடைத்துவிடும். இல்லையென்றால், குடும்பச் சொத்தாக இருப்பது வழக்குப் பொருளாக மாற ஒரே ஒரு புகார் போதும்.

சேகரிப்பு என்றதும் சுவர் நிறையத் துப்பாக்கி மாட்டியிருக்கும் காட்சியே பலருக்கு மனத்தில் வரும். 1959-ஆம் ஆண்டின் ஆயுதச் சட்டம் 2019-இல் திருத்தப்பட்ட பிறகு ஒருவர் இரண்டு துப்பாக்கிகளுக்கு மேல் வைத்திருக்க முடியாது. பரம்பரையாக வந்தவற்றுக்கும் இதே வரம்புதான். ஆகவே ஒரே துப்பாக்கியைச் சுற்றி, அது எங்கே செய்யப்பட்டது, யார் விற்றார், யார் கையிலிருந்து யார் கைக்கு வந்தது, எந்த ஆண்டோடு சுடுவது நின்றது என்பதற்கான சான்றுகளைத் திரட்டுவதே நமக்கு வாய்த்த சேகரிப்பு. என்னைக் கேட்டால், சுவர் நிறைய மாட்டுவதைவிட இதில் சுவை அதிகம்.

உரிமம் பெற்றிருந்தவர் இறந்துவிட்டால், துப்பாக்கியைத் தாமதமின்றிக் காவல் நிலையத்திலோ உரிமம் பெற்ற ஆயுத வியாபாரியிடமோ ஒப்படைத்து ரசீது வாங்கிக்கொண்டு, அதன் பிறகே வாரிசு தன் பெயரில் விண்ணப்பிக்க வேண்டும். ‘காரியம் முடியட்டும், பார்த்துக்கொள்ளலாம்’ என்று ஆண்டுக்கணக்கில் பீரோவில் வைத்திருப்பவர்கள் நம் பக்கத்தில் உண்டு, அது குற்றம். உரிமம் பெற்றவர் உயிரோடு இருக்கும்போதே மாற்றிக்கொள்வது இன்னும் எளிது. அவருக்கு 70 வயது நிறைந்திருந்தாலோ, 25 ஆண்டுகள் அந்தத் துப்பாக்கியை வைத்திருந்தாலோ, தம் வாரிசுகளில் ஒருவரைக் குறிப்பிட்டு அவருக்கு உரிமம் வழங்கக் கோர 2016-ஆம் ஆண்டின் ஆயுத விதிகள் இடம் தருகின்றன. மற்ற வாரிசுகளின் ஆட்சேபணையின்மைக் கடிதங்களை அண்ணன் தம்பிகள் பேச்சுவார்த்தையில் இருக்கும் காலத்திலேயே வாங்கி வைத்துவிடுவது நல்லது. விண்ணப்பம் போக வேண்டிய இடம் மாவட்ட ஆட்சியர் அலுவலகம். வேலூர்க்காரர்களுக்கு அது சத்துவாச்சாரி. 2019-இல் இராணிப்பேட்டையும் திருப்பத்தூரும் தனி மாவட்டங்களானதால் அந்தப் பகுதியினர் தத்தம் ஆட்சியரிடம் போக வேண்டும் என்றாலும், அவர்களுடைய பழைய கோப்புகளை வேலூரிலும் தேடிப் பார்க்க வேண்டியிருக்கும். உரிமமே இல்லாத துப்பாக்கி பரணில் அகப்பட்டால் அதைத் துணியில் சுற்றிப் பேருந்தில் எடுத்துப் போகும் வீரம் வேண்டாம். இருந்த இடத்திலேயே பூட்டிவிட்டு, வழக்கறிஞர் ஒருவரைக் கலந்துகொண்டு, காவல் நிலையத்துக்கு எழுத்து மூலமாகத் தெரிவிக்க வேண்டும்.

துப்பாக்கி எந்த அளவு தோட்டாவுக்கானது என்பதையும் அப்போதே அறிந்துகொள்ள வேண்டும். .303 என்பது இராணுவத் தோட்டா என்பதால் தடைசெய்யப்பட்ட வகை. அதற்கான உரிமம் ஆட்சியர் கையில் இல்லை, மத்திய உள்துறை அமைச்சகத்தின் கையில் இருக்கிறது. .315, .22, 12 போர் (இங்கே ‘போர்’ என்பது குழலின் அளவு) ஆகியவற்றுக்கு அந்தச் சிக்கல் இல்லை. இராணுவத் தோட்டா மக்கள் கையில் போய்விடக் கூடாது என்று வெள்ளைக்கார அரசு அஞ்சியதே இதற்கு வேர். அந்த அச்சத்தில் 1907-ஐ ஒட்டி .450 அளவு துப்பாக்கிகள் இந்தியாவுக்கு வருவதைத் தடுத்ததால்தான், .470, .465 போன்ற புதிய அளவுகளை இங்கிலாந்துத் துப்பாக்கிக்காரர்கள் இந்தியச் சந்தையை மனத்தில் வைத்து உருவாக்கினார்கள். யானை, காட்டெருமை வேட்டைக்கான பெரிய இரட்டைக் குழல் ரைபிள் உங்கள் வீட்டில் இருந்து, அதில் இந்த எண்கள் பொறித்திருந்தால், அது எந்தக் காலத்துக்கு முந்தையதாக இருக்க முடியாது என்பது உடனே தெரிந்துவிடும்.

‘ரைபிள்’ என்று வீட்டில் சொல்லப்படுபவற்றில் பெரும்பாலானவை ரைபிளே அல்ல என்பதையும் சொல்லிவிடுகிறேன். வெளிச்சத்தை நோக்கிக் குழலின் உள்ளே பார்த்தால், திருகு போலச் சுழன்று ஓடும் புரிகள் தெரிந்தால் மட்டுமே அது ரைபிள். கண்ணாடி போல வழவழப்பாக இருந்தால் ரவை என்னும் சிறு ஈயக் குண்டுகளைச் சுடும் துப்பாக்கி; காட்டுப்பன்றியிடமிருந்து கடலையையும் நெல்லையும் காக்கப் பயிர்ப் பாதுகாப்பு உரிமத்தில் வாங்கப்பட்டவை இந்த வகையைச் சேர்ந்தவை. அதனால் மதிப்பு குறைந்துவிடாது, கதைதான் வேறு.

உள்ளே பார்ப்பதற்கு முன்னால் அது காலியாக இருக்கிறதா என்று உறுதிசெய்ய வேண்டும். குழலை மடக்கித் திறக்கும் துப்பாக்கியிலும், போல்ட் (தோட்டா ஏற்ற முன்னும் பின்னும் இழுக்கும் தாழ்ப்பாள்) உள்ள ரைபிளிலும், துப்பாக்கி பழகியவர் ஒருவர் திறந்து காட்டினால் போதும். வாய் வழியாகக் கரிமருந்து கெட்டிக்கும் பழைய துப்பாக்கியே ஆபத்தானது. அறுபது ஆண்டுகளுக்கு முன் கெட்டித்த மருந்து அப்படியே இருந்து, ஈரம் படாமல் இருந்தால், இன்றைக்கும் வெடிக்கும். குழல் வாய்க்கு நேரே முகத்தையோ கையையோ கொண்டுபோகாமல், பக்கவாட்டில் நின்று, மெல்லிய மூங்கில் குச்சி ஒன்றை அடிவரை விட்டு, வாயோரத்தில் அடையாளமிட்டு எடுத்து, அதையே வெளிப்புறமாகக் குழலின் மேல் வைத்துப் பார்க்க வேண்டும். கேப்பு (மருந்தைப் பற்றவைக்கும் சிறு மூடி) வைக்கும் துளை வரைக்கும் குச்சி எட்டவில்லை என்றால் உள்ளே ஏதோ இருக்கிறது. அதற்கு மேல் தொடாமல் ஆயுத வியாபாரியின் மிஸ்திரியிடம் விட்டுவிட வேண்டும். டப்பாவில் கிடக்கும் பழைய தோட்டாக்களையும் நினைவுப் பொருளாக வைத்துக்கொள்ளக் கூடாது.

இனி இரும்பைப் படிக்கலாம். பிரிட்டனில் விற்பனைக்கு வரும் ஒவ்வொரு குழலும் லண்டனிலோ பர்மிங்காமிலோ சோதனைச் சாலையில் அதிக மருந்திட்டுச் சுட்டுப் பார்க்கப்பட்டு முத்திரை பெற்றாக வேண்டும். இரட்டைக் குழல் என்றால் குழலுக்கு அடியில் இருக்கும் முன்கட்டையைக் கழற்றிக் குழலைப் பிரித்தால் அதன் அடியிலுள்ள தட்டையான பகுதியில் அந்த முத்திரைகள் இருக்கும்; போல்ட் ரைபிளில் குழலின் அடிப்பகுதியிலேயே தெரியும். கிரீடத்தின் கீழே ஜி.பி., வி. என்ற எழுத்துகள் இருந்தால் லண்டன். கிரீடத்தின் கீழே இரண்டு செங்கோல்கள் குறுக்காக இருந்தால் 1904-க்கு முந்தைய பர்மிங்காம்; கிரீடத்தோடு பி.பி., பி.வி., என்.பி. என்று இருந்தால் அதற்குப் பிந்தையது. நீள்வட்டத்துக்குள் ஈ.எல்.ஜி. என்றிருந்தால் பெல்ஜியத்தின் லியேழ் நகரம். மலிவாக இங்கே வந்திறங்கியவற்றில் பல அந்த ஊருடையவை. நேராகப் படம் எடுத்தால் முத்திரை தெரியாது. டார்ச்சை ஒரு பக்கமாகச் சாய்த்துப் பிடித்தால் எழுத்து எழுந்து நிற்கும். மெல்லிய தாளை மேலே வைத்துப் பென்சிலால் தேய்த்தெடுப்பதும் பலன் தரும். தெளிவாகத் தெரியட்டும் என்று உப்புத்தாள் போட்டால் முத்திரையோடு வரலாறும் போய்விடும்.

எங்கள் வீட்டு .315 ரைபிளை, 1886-இல் கலெக்டர் துரை ஒருவர் கொள்ளுத்தாத்தாவின் வேட்டைத் திறமையைப் பார்த்து வியந்து பரிசாகக் கொடுத்தார் என்றே நாங்கள் கேட்டு வளர்ந்தோம். குழலின் அடியில் இருந்த அழுக்கை எண்ணெய்த் துணியால் துடைத்தபோது கிரீடமும் என்.பி.யும் தெரிந்தன, 1904-க்குப் பிறகு பிறந்த ரைபிளை 1886-இல் எந்தத் துரையும் கொடுத்திருக்க முடியாது. லைசென்ஸ் புத்தகத்தைப் பிரித்தால், ஓய்வுபெற்ற வன அதிகாரி ஒருவரிடமிருந்து 1936-இல் தாத்தா விலைக்கு வாங்கியதாகப் பதிவு இருந்தது.

அந்தப் புத்தகத்தைப் பக்கம் பக்கமாகப் படிக்க வேண்டும். புதுப்பித்த முத்திரைகளில் தேதியும் ஊரும் இருக்கும். தேர்தல்தோறும் காவல் நிலையத்தில் ஒப்படைத்துத் திரும்பப் பெற்ற குறிப்புகள் இருக்கும். எல்லாவற்றையும்விட அரிய செய்தி தோட்டா வாங்கிய பதிவுகளில் கிடைக்கிறது. எங்கள் தாத்தாவின் புத்தகத்தில் ஐம்பதுகளில் ஆண்டுதோறும் வாங்கியிருக்கிறார். அறுபதுகளில் விட்டு விட்டு வாங்கியிருக்கிறார். வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் வந்த 1972-க்குப் பிறகு அந்தப் பத்தியே வெறுமையாக இருக்கிறது. வேட்டையை எப்போது விட்டார் என்பதை அவர் யாரிடமும் சொன்னதில்லை.

குழலின் மேல் விற்றவர் பெயர் பொறிக்கப்பட்டிருக்கலாம். சென்னை மவுண்ட் ரோட்டில் கடிகாரத்துக்குப் பேர்போன பி. ஆர் அண்டு சன்ஸ் ஒரு காலத்தில் துப்பாக்கியும் விற்றது. கல்கத்தாவின் மாண்டன், ரோடா ஆகிய பெயர்களும் தென்படும். விற்றவரும் செய்தவரும் ஒருவரே என்று எண்ணிவிடக் கூடாது. ஹாலண்டு, ரிக்பி, வெஸ்ட்லி ரிச்சர்ட்ஸ் போன்ற பழைய இங்கிலாந்து நிறுவனங்கள் தம் பேரேடுகளைக் காத்து வைத்திருக்கின்றன. வரிசை எண்ணைக் குறிப்பிட்டு எழுதிக் கட்டணம் செலுத்தினால், எந்த ஆண்டில் யாருக்கு விற்கப்பட்டது என்ற விவரத்தைத் தேடித் தருவார்கள்.

அரசு ஆவணங்களைத் தேடுபவர்கள் ஒன்றை நினைவில் கொள்ள வேண்டும்: 1911 வரை வட ஆற்காடு மாவட்டத்தின் தலைநகரம் சித்தூர். அதற்கு முந்தைய உரிமக் கடிதங்கள் சித்தூர் கலெக்டர் கச்சேரியின் (அலுவலகத்தின்) பெயரில் இருப்பதைப் பார்த்து, அது வேறு குடும்பத்துடையது என்று ஒதுக்கிவிடக் கூடாது. சென்னை எழும்பூரில் உள்ள தமிழ்நாடு ஆவணக் காப்பகத்தில் பழைய மாவட்டப் பதிவுகளைப் பார்க்கலாம். அரசிடம் கௌரவப் பட்டம் பெற்றவர்கள், பெரிய ஜமீன்தார்கள் சிலருக்கு அந்நாளில் உரிமத்திலிருந்தே விலக்கு இருந்ததால், கார்வேட்டிநகரம், கங்குந்தி போன்ற ஜமீன்களோடு தொடர்புள்ள குடும்பங்களில் காகிதம் கிடைக்காமலும் போகலாம்.

பராமரிப்பில் நம் வீடுகளில் அன்பினாலேயே கெடுக்கிறார்கள். ஆயுத பூஜையன்று குழலில் வைக்கும் சந்தனப் பொட்டு ஈரத்தைப் பிடித்து வைத்துக்கொண்டு, அடியில் துருவை வளர்க்கும். எங்கள் ரைபிளில் வரிசையாக மூன்று வட்டக் குழிகள் இன்றும் இருக்கின்றன. பொட்டை உறையின் மேல் வைத்தால் போதும், சாமி கோபித்துக்கொள்ளாது. தேங்காய் எண்ணெயும் நல்லெண்ணெயும் நாளடைவில் பிசினாகிவிடும். தையல் மெஷின் எண்ணெயைத் துணியில் தொட்டு மெல்லியதாகத் தடவினால் போதுமானது. தோல் ஊரில் இருப்பதால் வாணியம்பாடியிலோ இராணிப்பேட்டையிலோ அழகான தோல் உறை தைத்து அதிலேயே வைத்துவிட ஆசை வரும். ஆவாரம்பட்டையில் பதனிட்ட தோலில் இருக்கும் துவர்ப்பு இரும்பைக் கருக்கும்; ஈரத்தையும் இழுக்கும். தோல் உறை எடுத்துப் போகும் நேரத்துக்கு மட்டும். வைத்திருப்பதற்குப் பூட்டுள்ள இரும்பு அலமாரிதான். கத்திரி வெயிலில் துப்பாக்கியின் மரக்கட்டை சுருங்கி வெடிக்கும் என்பதால் சித்திரையில் சில துளி ஆளிவிதை எண்ணெய் தேய்க்கலாம். ஐப்பசி, கார்த்திகையில் மாதம் இருமுறை திறந்து பார்க்க வேண்டும். குழல் வாயைச் சற்றுக் கீழ்நோக்கிச் சாய்த்து வைத்தால் எண்ணெய் கட்டைக்குள் இறங்கி மரத்தைக் கெடுக்காது.

கூடவே மான் கொம்போ புலித்தோலோ இருந்தால் அவற்றுக்கு வனத்துறையின் உரிமைச் சான்றிதழ் தனியாக வேண்டும். விற்கவோ பரிசளிக்கவோ கூடாது. நூறு ஆண்டு கடந்த துப்பாக்கி தொல்பொருளாகக் கருதப்படக்கூடும் என்பதால், அதை அமெரிக்காவில் இருக்கும் பேரனுக்கு அனுப்பும் எண்ணத்தையும் விட்டுவிட வேண்டும்.

திரட்டியதை எழுதி வைக்க நான் ஒரு நீளக் கணக்கு நோட்டில் மூன்று பத்தி பிரித்திருக்கிறேன்: தாளில் உள்ளது, இரும்பில் உள்ளது, வாய்ச்சொல்லாக வந்தது. ஒன்றை மற்றொன்றோடு கலப்பதில்லை. மூன்றாவது பத்தியில் சொன்னவர் பெயரையும் கேட்ட தேதியையும் சேர்த்து எழுதுகிறேன். கலெக்டர் துரை கொடுத்த கதை அந்த மூன்றாவது பத்தியில் அத்தையின் பெயரோடு இருக்கிறது. முத்திரையைக் காட்டி விளக்கிய பிறகும் அவர் அதை மாற்ற ஒப்பவில்லை.