அப்பாயியை மலேசியாவுக்குக் கூட்டிப் போவது எப்படி

உங்கள் பாட்டி ஓரிடத்தில் சும்மா உட்காருகிற ஆள் இல்லை என்றால், டிக்கெட் போடுவதற்கு முன்பே அவரிடம் பேசிவிடுங்கள். என் அப்பாயிக்கு 74 வயது. "எதைப் பார்க்காம வந்தா உனக்கு மனசு ஆறாது?" என்று கேட்டேன். "பத்துமலை முருகன். படியேறித்தான் பார்ப்பேன்" என்றது. 272 படி. சரி, மொத்தப் பயணத்தையும் அந்தப் படிகளை வைத்தே போட்டோம். நீங்களும் அப்படிச் செய்யுங்கள், அவருக்கு முக்கியமானது எதுவோ அதற்காக உடம்பின் தெம்பைச் சேர்த்து வையுங்கள், மற்றதெல்லாம் அப்புறம்.

2023 டிசம்பரிலிருந்து இந்தியர்கள் மலேசியாவில் 30 நாள் வரை விசா இல்லாமல் இருக்கலாம், ஆனால் அது கெடு வைத்துக் கொடுத்த சலுகை, கிளம்பும் முன் ஒருமுறை பார்த்துக்கொள்ளுங்கள். அங்கே போய் இறங்குவதற்கு முந்தைய 3 நாளுக்குள், மலேசியாவுக்குள் நுழைவதற்கான டிஜிட்டல் வருகை அட்டையை அந்நாட்டுக் குடிநுழைவுத் துறையின் இணையதளத்திலேயே இலவசமாக நிரப்பலாம். காசு கேட்கிற தளத்தை உடனே மூடிவிடுங்கள். பாஸ்போர்ட்டில் இனிஷியலை எப்படி விரித்து எழுதியிருக்கிறார்களோ அதே எழுத்துகள் டிக்கெட்டிலும் இருக்க வேண்டும்.

பெட்டியைப் பாட்டி தானே கட்டுவார், தடுக்காதீர்கள், ஆனால் மூடும் முன் கூட உட்கார்ந்து பாருங்கள். கற்பூரம், தீப்பெட்டி, கொப்பரைத் தேங்காய் மூன்றையும் வீட்டிலேயே விடச் சொல்லுங்கள், சீக்கிரம் தீப்பற்றும் என்பதால் பெட்டியில் வைத்தாலும் எடுத்துவிடுவார்கள். ஊறுகாயை நன்றாகக் கட்டிப் பெரிய பெட்டியில் போடுங்கள். முக்கியமாக சுருக்குப்பையைப் பாருங்கள்! அப்பாயியின் பையில் பாக்குவெட்டி இருந்தது, முப்பது வருஷத்துப் பொருள், செக்யூரிட்டியில் பறிபோயிருந்தால் பயணம் முழுக்க அதையே நினைத்து வருந்தியிருக்கும். அதைப் பெரிய பெட்டிக்கு மாற்றிவிட்டு, சுருக்குப்பையில் ஓட்டல் பெயரும் என் போன் நம்பரும் எழுதிய அட்டையை வைத்தேன். கோலாலம்பூரில் தமிழ் பேசுகிறவர்கள் நிறைய, பாட்டி யாருடனாவது பேசிக்கொண்டே நாலு கடை தள்ளிப் போய்விடுவார்.

வீல் சேரை டிக்கெட் போடும்போதே கேட்டுவிடுங்கள். "நான் என்ன நோயாளியா?" என்று அப்பாயிக்குக் கோபம் வந்தது. ஏர்போர்ட்டில் நடந்து தேய்க்கிற முட்டிதான் நாளைக்குப் படியேறணும் என்று சொன்னதும் ஏறி உட்கார்ந்துவிட்டது. காரணத்தைச் சொல்லுங்கள், அதட்டாதீர்கள். பெண் காவலர் திரைக்குள் வைத்துத் தொட்டுச் சோதிப்பார் என்பதையும் முன்பே சொல்லிவிட வேண்டும், திடீரென்று நடந்தால் அவர்களுக்கு அது பெரிய அவமானம்.

திருச்சியிலிருந்து சுமார் 4 மணி நேரம்தான். நடுவில் ஒருமுறை எழுந்து நடக்கவிடுங்கள், கழிவறைத் தாழ்ப்பாளை நீங்களே போட்டுத் திறந்து காட்டுங்கள். அங்கே மணி நம்மைவிட இரண்டரை மணி நேரம் முன்னால் ஓடும், பிரஷர், சர்க்கரை மாத்திரைகளை எந்த நேரத்தில் போடுவது என்று டாக்டரிடம் கேட்டு எழுதிக்கொள்ளுங்கள். மாத்திரையும் சீட்டும் கைப்பையில்தான் இருக்க வேண்டும்.

விரதம் இருக்கிறவராக இருந்தால் சாப்பாட்டில் கவனம் தேவை. அங்கே கீரையைக்கூட பெலாச்சான் என்ற இறால் விழுது போட்டு வதக்குவார்கள், நாசி லெமாக் என்ற தேங்காய்ப்பால் சோற்றோடு வரும் மிளகாய்ச் சம்பலில் நெத்திலி இருக்கும். "சைவம்" என்று சொன்னால் மட்டும் போதாது, இறால் விழுது வேண்டாம் என்று தனியாகச் சொல்லுங்கள், இல்லையென்றால் வாழையிலைச் சாப்பாட்டுக் கடைக்குப் போய்விடுங்கள்.

பத்துமலைக்கு கோலாலம்பூரின் முக்கிய ரயில் நிலையமான கே.எல். சென்ட்ரலிலிருந்து நேராக ரயில் இருக்கிறது. வெயில் ஏறும் முன் காலையிலேயே போய்விடுங்கள். 140 அடி முருகனை, 2006ல் வைத்த சிலை, கீழே நின்று ஆசை தீரப் பார்க்கவிட்டு, அப்புறம் ஏறுங்கள். புடவைக் கொசுவத்தைக் கொஞ்சம் தூக்கிச் செருகி ஊக்கு குத்தச் சொல்லுங்கள். பூ, பழம், பிளாஸ்டிக் பை எதையும் கையில் தொங்கவிடக் கூடாது, குரங்குகள் பிடுங்கும். நீங்கள் ஒரு படி பின்னால் நில்லுங்கள், கையைப் பிடித்து இழுக்காதீர்கள். அப்பாயி ஏற 40 நிமிஷம் ஆனது, நின்ற இடத்திலெல்லாம் யாரிடமாவது ஊர் விசாரித்துக்கொண்டே ஏறியது. முட்டிக்கு இறங்குவதுதான் ஏறுவதைவிடக் கஷ்டம். கைப்பிடியைப் பிடித்து, பக்கவாட்டில் ஒவ்வொரு காலாக வைத்து இறங்கட்டும், நீங்கள் இப்போது ஒரு படி கீழே.

மறுநாளுக்கு எதையும் போடாதீர்கள். நாங்கள் அன்று ஓட்டல் அறையில் காலுக்குத் தைலம் தேய்த்துக்கொண்டு, மேலே சந்தித்த ஒவ்வொருவரும் எந்த ஊர்க்காரர் என்று அப்பாயி சொல்லச் சொல்லக் கேட்டுக்கொண்டிருந்தோம்.