பிரான்ஸ் கிராமங்களில் தண்ணீர் தீர்ந்தால்

பிரான்ஸ் கிராமப்புற நடைபாதைகளில் தண்ணீர் தீர்ந்துவிட்டால் கடையைத் தேடாதீர்கள். கல்லறைத் தோட்டத்துக்குப் போங்கள். வாசலருகிலோ மதிலோரத்திலோ ஒரு குழாய் இருக்கும், பக்கத்தில் பூவாளிகள் தொங்கும். கல்லறைப் பூச்செடிகளுக்காக வைத்த குழாய்தான், ஆனால் பெரும்பாலும் ஊர்க் குடிநீரே அதில் வருகிறது. சின்ன ஊர்களில் கடையே இருக்காது. இருந்தாலும் மதியம் பூட்டிவிடுவார்கள். கல்லறைத் தோட்டம் இல்லாத ஊரோ அபூர்வம். பல பழைய ஊர்களில் அது தேவாலயத்தை ஒட்டியே இருக்கும் என்பதால், முதலில் கோபுரத்தைப் பார்த்து நடக்கலாம். வெயிலுக்கு நிழலும் கிடைக்கலாம்.

குழாயின்மேல் ‘ஓ நொன் பொத்தாப்ல்’ (Eau non potable, ‘குடிநீர் அல்ல’) என்ற பலகையோ, சிவப்புக் கோடு குறுக்கே போட்ட குவளைப் படமோ இருந்தால் குடிக்கக் கூடாது. மழைநீர்த் தொட்டியிலிருந்தோ கிணற்றுக் கைப்பம்பிலிருந்தோ வரும் நீரும் வேண்டாம். உறைபனிக் காலத்தில் குழாய் வெடிக்காமலிருக்க நீரை நிறுத்திவிடுவதுண்டு. குளிர்காலத்தில் இதை நம்பிக் கிளம்ப முடியாது. உள்ளே அடக்கம் நடந்துகொண்டிருந்தால், தாகமாக இருந்தாலும் வெளியிலேயே காத்திருங்கள்.