சிட்னியின் மேற்கில் வீடு வாங்குமுன்: விற்பனை வரலாற்றைப் படிக்கும் முறை

சிட்னிக்கு வரும் தமிழ்க் குடும்பங்கள் பல, வென்ட்வொர்த்வில், பெண்டில் ஹில், டூங்காபி, வெஸ்ட்மீட் போன்ற மேற்குப் புறநகர்களில் வாடகைக்குக் குடியேறி, பின்னர் அங்கேயே சொந்த வீடு தேடுகின்றன. தமிழ்க் கடைகளும், மேஸ் ஹில் முருகன் கோயிலும், வெஸ்ட்மீட் மருத்துவமனையும், பரமட்டா வழியாக நகர மையத்துக்குச் செல்லும் ரயிலும் அருகிலேயே இருப்பதால் அத்தேர்வில் வியப்பில்லை. ஆனால் 2025 ஏப்ரல் 1 முதல், தற்காலிக விசாவில் இருப்போர் ஏற்கெனவே கட்டப்பட்ட வீட்டை வாங்குவதற்கு, சில விதிவிலக்குகள் நீங்கலாகத் தடை உள்ளது. அத்தகைய வீடுதான் வேண்டுமென்றால், நிரந்தர வதிவிடம் கிடைக்கும்வரை பெரும்பாலோருக்கு வாடகைக்கு இருப்பதே வழி. அந்தக் காலத்தைத் தெருக்களை அறிந்துகொள்ளப் பயன்படுத்தலாம்.

ஒரு வீடு முன்பு எப்போது, என்ன விலைக்கு விற்கப்பட்டது என்பதை வீடு விற்பனை இணையதளங்களில் எவரும் பார்க்கலாம். சமையலறையின் அழகைப் பார்க்குமுன் இதைப் பார்ப்பது நல்லது. ஓரிரு ஆண்டுகளுக்கு முன் வாங்கிய வீட்டைப் புதிய வண்ணம் பூசி மீண்டும் விற்பவர், தாம் கட்டிய முத்திரைத் தீர்வையையும் முகவர் தரகையும் சேர்த்தே விலையை எதிர்பார்ப்பார் என்பதால், நடந்த வேலை வெறும் பூச்சுதானா, கூட்டிக் கட்டிய பகுதிக்கு அனுமதி உண்டா என்று கேட்க வேண்டும். மாறாக, 30, 40 ஆண்டுகள் ஒரே குடும்பத்திடம் இருந்த வீட்டில் மின்கம்பிகளும் குழாய்களும் பழையவையாக இருக்கலாம். இப்பகுதியின் பழைய ஃபைப்ரோ (நார் கலந்த சிமென்ட் தகடு) வீடுகளின் சுவர்த் தகடுகளில் ஆஸ்பெஸ்டாஸ் இருக்க வாய்ப்பு அதிகம். விலை திடீரென ஏறியிருந்தால், இடையில் பின்புறம் கிரானி ஃபிளாட் எனும் சிறு தனி வீடு கட்டப்பட்டதா, மனை பிரிக்கப்பட்டதா என்று பார்க்காமல் இரண்டு விலைகளையும் ஒப்பிடுவதில் பொருளில்லை.

நியூ சவுத் வேல்ஸில், விற்பனை ஒப்பந்தம் தயாரான பிறகே வீட்டை விளம்பரப்படுத்த முடியும். அதனுடன் இணைந்த, உள்ளூராட்சி மன்றம் வழங்கும் 10.7 எனும் திட்டமிடல் சான்றிதழைச் சட்ட ஆலோசகரிடம் விட்டுவிடாமல் நீங்களும் படியுங்கள். வெள்ளம் தொடர்பான கட்டட விதிகள் அம்மனைக்குப் பொருந்துமா என்பதை அதுவே சொல்லும். டூங்காபி ஓடையை ஒட்டிய தெருக்களில் இதைத் தவறவே விடக்கூடாது.

அரசுத் தொடக்கப்பள்ளிச் சேர்க்கை முகவரியைப் பொறுத்தது. விளம்பரங்களில் அடிக்கடி தலைகாட்டும் கிராவீன் உயர்நிலைப் பள்ளியோ தேர்வு அடிப்படையில் மாணவர்களைச் சேர்ப்பது. அதன் அருகில் வீடு வாங்குவதால் பிள்ளைக்கு அங்கே இடம் கிடைத்துவிடாது.

முதல் வீடு வாங்குவோருக்கு 800,000 டாலர் வரை முத்திரைத் தீர்வை முழுவதும் விலக்கு, 10 லட்சம் வரை பகுதிச் சலுகை உண்டு. இங்குள்ள தனி வீடுகள் பெரும்பாலும் அந்த வரம்பைத் தாண்டிவிடுகின்றன. பேச்சுவார்த்தையில் வாங்கினால், ஒப்பந்தம் ஆன பின் பொதுவாக ஐந்து வேலை நாட்களுக்குள் விலையின் 0.25 விழுக்காட்டை இழந்து விலகலாம். 12 லட்சம் டாலர் வீட்டுக்கு அது 3,000 டாலர். ஏலத்தில் எடுத்தால் அந்த அவகாசம் இல்லை. எனவே கட்டட, கரையான் சோதனைகளையும் வங்கியின் கடன் ஒப்புதலையும் ஏல நாளுக்கு முன்பே முடித்திருக்க வேண்டும்.