இரண்டு கோப்பும் ஒட்ட மாட்டேன் என்றபோது

இரண்டு ஆய்வகங்களிலிருந்து வந்த மரபணு மாறுபாட்டுக் கோப்புகளை இணைத்தேன். பொதுவான இடம் என்று ஒன்றுகூட வரவில்லை. முதலில் கண்ணில் பட்டது குரோமோசோம் பெயர்: ஒன்றில் ‘சிஎச்ஆர்19’, மற்றதில் வெறும் ‘19’. இத்தகைய கோப்புகளைக் கையாளும் பிசிஎஃப்டூல்ஸ் மென்பொருளில் ஒரே கட்டளை, பெயர் மாறிவிட்டது. அப்புறமும் ஒட்டவில்லை.

இப்படிச் சிக்கினால், நன்றாகத் தெரிந்த ஒரு மாறுபாட்டைத் தேடிப் பார்ப்பது என் வழக்கம். ஏபிஓஇ மரபணுவின் ஆர்எஸ்429358 என்ற மாறுபாடு ஒரு கோப்பில் குரோமோசோமின் 45411941-ஆம் இடத்தில் இருந்தது, இன்னொன்றில் 44908684-இல். சரி, விஷயம் இதுதான்: இடங்களை எண்ண அடிப்படையாக வைக்கும் மனித மரபணுத்தொகுதியின் பதிப்பு வேறு. முன்னது 2009-இல் வந்த ஜிஆர்சிஎச்37, பின்னது 2013-இன் ஜிஆர்சிஎச்38. கோப்பின் தலைப்பில் அதை யாரும் எழுதவில்லை. ஒரு வரி எழுதினால் என்ன குறைந்துவிடும்?

பழையதை, ஒரு பதிப்பின் இட எண்ணை இன்னொன்றுக்கு மாற்றும் யுசிஎஸ்சியின் லிஃப்ட்ஓவர் கருவியில் கொடுத்து மாற்றினேன். என் மாறுபாட்டுக் கோப்புகளின் வடிவமான விசிஎஃப் 1-இலிருந்து எண்ணும், லிஃப்ட்ஓவருக்குக் கொடுக்கும் பெட் கோப்பு 0-இலிருந்து. அதனால் அந்த இடத்தை 45411940, 45411941 என்று தொடக்கமும் முடிவுமாகக் கொடுக்க வேண்டும். மாற முடியாமல் தனிக் கோப்பில் ஒதுங்கியவற்றை விட்டுவிட்டேன். இரண்டு எழுத்தும் ஏ/டி அல்லது சி/ஜி ஜோடியாக இருக்கும் மாறுபாடுகள்தான் கடைசித் தொல்லை. டிஎன்ஏவின் எதிர் இழையிலும் அதே இரண்டு எழுத்துதான் வரும், அதனால் எந்த இழையில் படித்தது என்று எழுத்தை வைத்துச் சொல்ல முடியாது. ஓர் எழுத்து எத்தனை பங்கு வருகிறது என்ற அலைவெண் பாதிக்குப் பக்கத்தில் இருந்தால் அதை வைத்தும் சொல்ல முடியாது; அப்படி இருந்தவற்றை யோசிக்காமல் நீக்கினேன். அதற்குப் பிறகு கோப்புகளை இணைக்கும் பிளிங்க் மென்பொருள் முரண்டு பிடிக்கவில்லை.