மார்கழி நிழலும் ஒரு நோட்டும்

டிசம்பர் 21 அல்லது 22, ஆண்டிலேயே குறுகிய பகல். வேலூரில் அன்று சூரியன் ஆறரைவாக்கில் எழுந்து ஆறு மணிக்குள் மறைந்துவிடும். உத்தராயணம் என்றால் தை ஒன்று என்றுதான் நமக்குப் பழக்கம், ஆனால் சூரியன் வடக்கே திரும்புவது மார்கழி முதல் வாரத்திலேயே. பூமியின் அச்சு மிக மெல்லத் திசை மாறுவதால் நூற்றாண்டுகளாகச் சேர்ந்த இடைவெளி அது. இந்த மூன்று வாரச் சொச்சத்தைத்தான் நான் என்னைத் திரும்பிப் பார்க்க வைத்துக்கொள்கிறேன்.

மொட்டை மாடியில், மண் நிரப்பிய தொட்டியில் ஒரு குச்சியை நடுங்கள், அதன் நுனி மாடித் தரையிலிருந்து சரியாக 1 மீட்டர் உயரத்தில் இருக்கட்டும், சாய்ந்திருக்கிறதா என்று நூலில் கல் கட்டித் தொங்கவிட்டுப் பாருங்கள். நம்ம ஊரில் அன்று உச்சிவேளை 12 மணி இல்லை, 12:12 வாக்கில். நிழல் வடக்கே விழும், குச்சியின் அடியிலிருந்து ஏறக்குறைய 74 செ.மீ. நிழலின் நுனியில் சாக்பீஸால் கோடு போடுங்கள். அப்படியே கைப்பிடிச் சுவர் ஓரமாக உட்கார்ந்து, இந்த ஆண்டு எது உங்களை அழுத்தியது என்று நோட்டில் எழுதுங்கள். அழகாக எழுத வேண்டாம், பெயர் சொல்லி எழுதுங்கள். "குடும்பப் பிரச்சினை" என்று எழுதினால் பயனில்லை, போன வருஷம் நான் எழுதியது, "தம்பியோடு எட்டு மாசமாகப் பேசவில்லை, முதலில் கோபப்பட்டது நான்தான்."

ஒரு வாரம் கழித்து மறுபடி அளந்தால் நிழல் கோட்டைவிட்டு நகர்ந்ததே தெரியாது. இங்கேதான் பலர் விட்டுவிடுகிறார்கள், விடாதீர்கள். திரும்பும் இடத்தில் சூரியனே அவ்வளவு மெதுவாகத்தான் போகிறது. அந்த வாரம் எதையும் மாற்ற முயலாமல், எழுதியதை ஒருமுறை வாசித்தால் போதும். இரண்டாவது வாரம் ஒரே ஒரு சின்ன வேலை. நான் தம்பிக்குப் போன் செய்தேன், அம்மாவின் கண் மருந்தைப் பற்றித்தான் பேசினோம், வேறொன்றும் இல்லை, ஆனால் அன்று இரவு நன்றாகத் தூங்கினேன்.

போகியன்று, முடிந்துபோன விஷயம் உள்ள தாளை மட்டும் கிழித்துக் கொளுத்துங்கள் (டயர், பிளாஸ்டிக் வேண்டாம், ஏற்கெனவே பனிமூட்டம்). முடியாதது நோட்டிலேயே இருக்கட்டும்.

பொங்கலன்று 12:22 வாக்கில் நிழல் 68 செ.மீ. அளவுக்குச் சுருங்கியிருக்கும். பழைய கோட்டின் மேல் பெயிண்டால் ஒரு புள்ளி வையுங்கள், சாக்பீஸ் மழைக்கு நிற்காது. அடுத்த மார்கழியில் நிழல் அங்கே வந்து தொடும்போது அதே நோட்டை எடுங்கள்.