செடிக்கு பாட்டு போட்டு பாக்குற எக்ஸ்பெரிமெண்ட்ல எங்கெல்லாம் ஓட்டை விழுது

பாட்டு கேட்டா செடி சீக்கிரம் வளரும்னு யாராவது சொன்னா போதும், உடனே ரெண்டு தொட்டி எடுத்து ஒண்ணு பக்கத்துல ஸ்பீக்கர வச்சிட்டு இன்னொண்ண சும்மா விட்டுட்டு, மூணு வாரம் கழிச்சு ஸ்கேல் வச்சு அளந்து பாத்து "பாத்தியா 2 சென்டிமீட்டர் அதிகம்"னு முடிச்சிடுறோம். ஸ்கூல் ப்ராஜெக்ட்ல மட்டும் நடக்குற கூத்து இல்ல இது, ஆராய்ச்சி கட்டுரை எழுதுறவங்களும் இதே தப்ப கொஞ்சம் பெரிய சைஸ்ல பண்றாங்க. இந்த ஒரே தொட்டி கதைய வச்சே எங்கெங்க ஓட்டைன்னு பாப்போம்.

முதல்ல கேள்வியே சரியில்ல. "நல்லா வளரும்"னா என்ன, உயரமா, இலை எண்ணிக்கையா, காய வச்சு எடை போடணுமா? வெளிச்சம் பத்தாத செடி கூட வெளிச்சத்த தேடி ஒல்லியா நீளமா போகும், அத உயரம்னு பாத்தா ஜெயிச்ச மாதிரிதான் தெரியும். இத முன்னாடியே முடிவு பண்ணாம விட்டா என்ன ஆகும்னா, உயரத்துல வித்தியாசம் இல்லன்னதும் இலைய எண்ணுவோம், அதுலயும் இல்லன்னா வேர அளப்போம், கடைசியில ஏதோ ஒண்ணு மாட்டும், அத மட்டும் ரிப்போர்ட்ல எழுதுவோம். 5 சதவீத லெவல்ல (அதாவது ஒண்ணுமே இல்லாதப்பவும் 100க்கு 5 தடவ "இருக்கு"ன்னு தப்பா வர்ற அளவுகோல்ல) ஒண்ணுக்கொண்ணு சம்பந்தமில்லாத 20 விஷயத்த டெஸ்ட் பண்ணா, உண்மையில எதுவுமே இல்லன்னாலும் ஒண்ணாவது "இருக்கு"ன்னு வர்ற வாய்ப்பு கிட்டத்தட்ட 64 சதவீதம். தினமும் அளந்துகிட்டே இருந்து வித்தியாசம் தெரியுற அன்னிக்கு நிறுத்துறதும் இதே ஏமாத்து வேலைதான், ஆனா பண்றவங்களுக்கு அது ஏமாத்துன்னே தோணாது.

அடுத்தது கன்ட்ரோல், அதாவது ஒப்பிட்டு பாக்க வச்சிருக்குற அந்த சும்மா விட்ட தொட்டி. அது உண்மையிலயே பாட்டு ஒண்ணத் தவிர மத்த எல்லாத்துலயும் அதே மாதிரி இருக்கா? ஸ்பீக்கர் ஓடுனா லேசா சூடாகும், பாட்டு போட போற ஆள் அப்படியே மண்ணு காஞ்சிருக்கேன்னு கொஞ்சம் தண்ணியும் ஊத்திட்டு வருவாரு, ப்ளக் பாயிண்ட் ஜன்னல் பக்கம் இருந்தா பாட்டு தொட்டிக்கு வெயிலும் சேந்து கிடைக்கும். இதுல 2 சென்டிமீட்டர் எதால வந்துச்சுன்னு யாரு சொல்றது? பாட்டில்லாத தொட்டி பக்கத்துலயும் அதே ஸ்பீக்கர் இருக்கணும், அதே அளவு சூடாகணும், சத்தம் மட்டும் வரக்கூடாது.

இத 1668லயே இத்தாலில பிரான்செஸ்கோ ரெடி அழகா பண்ணிட்டாரு. அழுகுற இறைச்சியில புழு தானா உருவாகுதுன்னு நம்புன காலம் அது. அவரு சில ஜாடிய திறந்து வச்சாரு, சிலத இறுக்கமா மூடுனாரு, மூடுனதுல புழு வரல. அதோட நிறுத்தியிருந்தா "நீ காத்தையே அடைச்சிட்ட, அப்புறம் எப்படி புழு வரும்"னு ஒருத்தன் கேட்டா பதில் இருந்திருக்காது. அதனால மெல்லிசான வலைத்துணி கட்டுன ஜாடியும் வச்சாரு, காத்து போகும் ஈ போகாது. அதுலயும் இறைச்சியில புழு இல்ல. எதிராளி என்ன சொல்லி தப்பிப்பான்னு முன்னாடியே யோசிச்சு வச்ச ஜாடி அது, நம்மாளுங்க பெரும்பாலும் கோட்ட விடுறது இந்த மூணாவது ஜாடியத்தான்.

இப்ப எண்ணிக்கைக்கு வருவோம், எனக்கு ரொம்ப எரிச்சல் வர்ற இடம் இது. "30 செடி வச்சு பண்ணேன்"னு சொல்வாங்க, போய் பாத்தா ஒரே ட்ரேல 30 விதை, இன்னொரு ட்ரேல 30 விதை. அந்த ட்ரேக்கு கிடைச்ச வெளிச்சம், தண்ணி, மண்ணு, பூஞ்சை எல்லாம் 30க்கும் பொதுதானே, அப்ப உண்மையில ஒரு ட்ரேக்கு எதிரா ஒரு ட்ரே, அவ்ளோதான். 1984ல ஹர்ல்பர்ட்னு ஒரு சூழலியல் ஆராய்ச்சியாளர் இத பத்தியே தனியா ஒரு கட்டுரை எழுதி, தன் துறையில எத்தன பேர் இப்படி பண்றாங்கன்னு போட்டு உடைச்சாரு. சரி, தனித்தனி தொட்டியே வச்சாலும் எத்தன வேணும்? பாட்டுக்கு 2, பாட்டில்லாம 2ன்னு வச்சு, பாட்டு தொட்டி ரெண்டும் முதல் ரெண்டு இடத்துல வந்தாலும் அது சும்மா அதிர்ஷ்டத்துல நடக்க 6ல 1 வாய்ப்பு இருக்கு, அதாவது ரிசல்ட் எவ்ளோ சூப்பரா வந்தாலும் அந்த டிசைனால எதையும் சொல்ல முடியாது. 4க்கு 4 வச்சா அதே 70ல 1 ஆயிடும். புள்ளியியல் நிபுணர் ரொனால்ட் ஃபிஷர் 1935ல, 4ல பால் முதல்ல, 4ல டீ முதல்ல ஊத்துன 8 கப்ப குடிச்சு பாத்தே எது எதுன்னு பிரிக்க முடியுமான்னு விளக்குன கணக்கு இதேதான்.

எந்த செடி எந்த பக்கம்னு நம்ம கையால பிரிக்கவே கூடாது, சீட்டு குலுக்கணும். கை தன்னால நல்லா இருக்குற நாத்த பாட்டு பக்கம் எடுத்து வைக்கும். 1948ல பிரிட்டன்ல வெளியான ஸ்ட்ரெப்டோமைசின்ங்கிற மருந்த வச்சு பண்ண காசநோய் ஆய்வுல அடுத்து வர்ற நோயாளிக்கு எந்த சிகிச்சைன்னு ஒட்டுன கவருக்குள்ள இருந்துச்சு, சேக்குற டாக்டருக்கே முன்கூட்டி தெரியாது, எக்ஸ்ரே பாத்தவங்களுக்கும் யார் எந்த பக்கம்னு தெரியாது. 6 மாசத்துல மருந்து வாங்குன 55 பேர்ல 4 பேர் இறந்தாங்க, படுக்கை ஓய்வு மட்டும் எடுத்த 52 பேர்ல 14 பேர்.

அளக்குறவருக்கு எது எதுன்னு தெரியக்கூடாதுங்கிறத நிறைய பேர் சும்மா ஃபார்மாலிட்டின்னு நினைக்கிறாங்க. 1903ல ப்ளாண்ட்லோங்கிற ஃபிரெஞ்சு விஞ்ஞானி புதுசா ஒரு கதிர் கண்டுபிடிச்சதா சொன்னாரு, இருட்டு ரூம்ல ஒரு மங்கலான வெளிச்சம் லேசா கூடுதான்னு கண்ணால பாக்குறதுதான் அளவே, வேற சில பேரும் எங்களுக்கும் தெரியுதுன்னாங்க. 1904ல ராபர்ட் வுட்னு ஒரு இயற்பியலாளர் நேர்ல போயி, இருட்டுல யாருக்கும் தெரியாம கருவியில அந்த கதிர பிரிக்க வச்சிருந்த பட்டகத்த (ப்ரிஸம்) கழட்டி எடுத்துட்டாரு, அங்க இருந்தவங்க அப்பவும் அதே ரீடிங்க சொன்னாங்க. ப்ளாண்ட்லோ ஒண்ணும் ஃப்ராடு இல்ல, மதிப்பான ஆள், அவரு கண்ணே அவர ஏமாத்திடுச்சு.

இன்னொன்னு, ரிசல்ட் பிடிக்கலன்னா மட்டும் கருவிய செக் பண்றது. 2011ல ஓபரா (OPERA)ங்கிற இயற்பியல் ஆராய்ச்சி குழுவுக்கு நியூட்ரினோங்கிற நுண்துகள் ஒளிய விட 60 நானோசெகண்ட் முன்னாடி வர்றதா தெரிஞ்சப்ப, நம்பவே முடியாத ரிசல்ட்டுங்கிறதால தோண்டி தோண்டி பாத்தாங்க, கடைசியில சரியா மாட்டாத ஒரு ஃபைபர் ஆப்டிக் கேபிள்தான் முக்கிய காரணம்னு மாட்டுச்சு. எல்லாரும் எதிர்பாத்த ரிசல்ட் வந்திருந்தா அந்த கேபிள யாரு போய் பாத்திருப்பா?

அப்புறம் 8 தொட்டியிலயும் வித்தியாசமே தெரியலன்னு வச்சுக்கோங்க, "பாட்டால ஒரு பலனும் இல்லன்னு நிரூபிச்சாச்சு"ன்னு எழுதிடாதீங்க. ஒரே பாக்கெட் விதையில முளைச்ச செடிங்களே ஒண்ணுக்கொண்ணு சென்டிமீட்டர் கணக்குல வித்தியாசப்படும், அதுக்கு நடுவுல 2 மில்லிமீட்டர் பலன் ஒளிஞ்சிருந்தா 8 தொட்டிக்கு அது தெரியவே தெரியாது. எவ்ளோ பெரிய வித்தியாசம் இருந்திருந்தா இந்த செட்டப்ல மாட்டியிருக்கும்னு கணக்கு போட்டு அத மட்டும் எழுதுங்க.